நம்பிக்கை இல்லாத வாசகரும் மரபுவாத மெய்யியலும்

மரபுவாத மெய்யியல் என்பது, பெருஞ்சமயங்கள் அனைத்திற்கும் அடியில் காலத்தால் மாறாத ஒரே மெய்ம்மை உள்ளதென்றும், நவீன ஐரோப்பா அதைக் கைவிட்டதே இன்றைய சீர்குலைவின் வேர் என்றும் கருதும் சிந்தனைப் போக்காகும். பிரான்சில் பிறந்த ரெனே கெனோனும் (1886–1951), ஈழத்தமிழர் முத்துக் குமாரசாமியின் மகனாகக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமியும் (1877–1947) அதன் முதன்மை ஆசிரியர்கள். கெனோனின் 'நவீன உலகின் நெருக்கடி' (1927) வாயிலாக இத்துறைக்குள் நுழைபவர் பலர். ஆனால் அந்நூல் மெய்ம்மையை நிறுவிக்காட்டாமல் ஏற்கச் சொல்வதால், சமயப்பற்றற்றவர் குமாரசாமியின் கைவினை நூல்களிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

நிலவியல் அறிஞரான குமாரசாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத்துறையை நடத்தியபோது ஊர் ஊராகச் சென்று, ஆலைப்பொருள்களின் வரவால் கைத்தொழில்கள் அழிவதை நேரில் கண்டார். அதன் பயனாக 'மத்தியகாலச் சிங்களக் கலை' (1908), 'இந்தியக் கைவினைஞர்' (1909) ஆகிய நூல்கள் எழுந்தன. செய்பவனிடமிருந்து சிந்தனையையும், பயன்பொருளிலிருந்து அழகையும் பிரித்துவிடும் சமூகம், உழைப்பவனை முழு மனிதனாக வாழவிடுவதில்லை என்பது அவர் வாதம். இதை எடைபோடக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை. கண்முன் உள்ள பொருள்களே போதும்.

காரைக்குடியை அடுத்த கொத்தமங்கலம் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் வீடுகள் அவ்வாதத்தை உறுதிப்படுத்தவும் செய்கின்றன, சிக்கலாக்கவும் செய்கின்றன. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் ஆத்தங்குடித் தரைக்கல்லில், செய்பவரின் கண்ணும் கையும் இன்றும் ஒன்றாகவே இயங்குகின்றன. ஆயினும் அக்கல்லுக்கு உறுதி தருவது ஆலைச் சிமெண்ட்; அவ்வீடுகளின் தூண்களாக நிற்பது, இவ்வூர்களின் வணிகரான நகரத்தார் கடல் கடந்து ஈட்டிய பொருளால் வந்த பர்மாத் தேக்கு. ஆகவே மரபும் வணிகமும் எதிரெதிராக நின்றன என்னும் குமாரசாமியின் சித்திரம், இங்கே அப்படியே பொருந்தவில்லை.

அதைவிடக் கடுமையான தடை சாதி. பிறப்புவழித் தொழிலை ஒவ்வொருவரும் ஆற்றும் வழிபாடாகக் கண்டு அவர் போற்றினார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே படிநிலைகளாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' (1936) நூலில் வாதிட்டார். பள்ளியில் அரைநாள், பெற்றோர் தொழிலில் மீதிநாள் என்று ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று பெரியார் எதிர்த்ததும், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டதும் தமிழ்நாடு அறிந்த வரலாறு. இவ்விடத்தில் நியாயம் அம்பேத்கர் பக்கமே. குமாரசாமியைப் படிப்பவர் 'சாதி ஒழிப்பை'யும் உடன் வைத்துப் படித்தால்தான், உழைப்பின் மாண்பு குறித்த அவருடைய அரிய சிந்தனையைப் பிறப்பின் விலங்கிலிருந்து விடுவித்து எடுத்துக்கொள்ள முடியும்.

இதன்பிறகே 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' (1934) என்னும் நூலுக்குச் செல்லலாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய காலத்தில் எழுதிய இந்நூலில், இந்தியக் கலைக்கொள்கையையும் ஜெர்மானிய ஞானி எக்கார்ட்டின் சிந்தனையையும் அவர் அருகருகே வைத்து ஆராய்கிறார். கெனோன் கடைசியில் வரட்டும். அவருடைய 'நெருக்கடி'யை ஆங்கிலத்தில் பெயர்த்த ஆர்தர் ஆஸ்பார்ன், பின்னர் திருவண்ணாமலையில் தங்கி, ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழை 1964இல் தொடங்கியவர் என்பதால், தமிழ் மண்ணுக்கும் கெனோனுக்கும் ஓர் உறவு உண்டு. அதே மரபிலிருந்து பாசிசத்துக்கு அணுக்கமான யூலியஸ் எவோலாவும் கிளைத்ததை, மார்க் செட்ஜ்விக் 2004இல் வெளியிட்ட வரலாற்று நூல் விரிவாகக் காட்டுகிறது. கெனோனைத் தொடும்போது அந்நூலையும் கையில் வைத்திருப்பது நல்லது.