படகில் வளரும் பிள்ளையும் இறங்கும் உரிமையும்

ஆங்கிலத்தில் பாய்மரப் படகுப் பயண எழுத்து என்று தனியான ஒரு வகைமை இருக்கிறது. வீட்டை விற்று, தொழிலை விட்டு, மனைவி மக்களோடு ஒரு படகில் ஏறி உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள் எழுதிய நூல்கள் அவை. அநேகமானவற்றை எழுதியவர்கள் தந்தையர்; சிலவற்றைத் தாய்மார் எழுதியிருக்கின்றனர். ஐந்து வயதிலோ ஏழு வயதிலோ படகில் ஏற்றப்பட்ட பிள்ளை அதே பயணத்தைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அறிய வாசகன் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து, தானே எழுத வேண்டும். சுசான் ஹேவுட் எழுதி 2023இல் வெளிவந்த 'வேவ்வோக்கர்' அவ்வாறு காத்திருந்து கிடைத்த நூல். வெளிநாட்டில் தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து தந்தார்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனியாகும் பொல்பிட்டியவில் இருந்துகொண்டு கடற்பயண நூலொன்றைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இந்தப் பக்கத்தில் படகு என்றால், சற்றுக் கீழே கித்துல்கலவில் உல்லாசப் பயணிகள் ஏறும் ரப்பர் படகுதான். ஆனால் இந்நூல் எழுப்பும் கேள்விக்குக் கடல் ஒரு களம் மாத்திரமே. பிள்ளை வாழும் வீடு யாருடையது, அதிலிருந்து இறங்கிப் போக அதற்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. அது மலையகத்துக்குப் புதிய கேள்வியல்ல.

1976இல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து 'வேவ்வோக்கர்' என்னும் பாய்மரப் படகு புறப்படுகிறது. சுசானுக்கு அப்போது ஏழு வயது. தாய், தந்தை, தம்பி ஆகியோரோடு அவர் படகில் இருக்கிறார். கப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது பயணப் பாதையை இருநூறு வருடங்களின் பின் மீண்டும் கடப்பது தந்தை கோர்டன் குக்கின் திட்டம். மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. பயணமோ ஏறத்தாழப் பத்து வருடங்கள் நீண்டது. முதல் வருடத்திலேயே தென் இந்து சமுத்திரத்தில் பேரலையொன்று படகை அடித்து நொறுக்குகிறது. சிறுமியின் மண்டையோடு வெடிக்கிறது, மூக்கு உடைகிறது. பிரான்சின் ஆய்வு நிலையமொன்று இருந்த ஆம்ஸ்டர்டாம் என்னும் சிறு தீவை எப்படியோ சென்றடைகிறார்கள். அங்கிருந்த மருத்துவர் முழு மயக்க மருந்து கொடுக்காமலே சிறுமியின் தலையில் பல தடவை சத்திரசிகிச்சை செய்கிறார்.

வேறொருவர் எழுதியிருந்தால் நூலின் உச்சம் இதுவாகவே இருந்திருக்கும். ஹேவுட் இதை முற்பகுதியிலேயே சொல்லி முடித்துவிட்டு மேலே நடக்கிறார். அவருடைய பொருள் விபத்துக்குப் பின்னான சாதாரண நாட்களே. செலவைச் சமாளிக்கப் பணம் செலுத்திப் பயணம் செய்வோரைத் தந்தை ஏற்றிக்கொள்கிறார். அவர்களுக்குச் சமைப்பதும் துப்புரவு செய்வதும் கீழ்த்தட்டில் மகளின் வேலையாகின்றன. தம்பிக்கு மேல்தட்டு வேலை. உலகத்தின் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புறப்பட்ட குடும்பம், பெண்பிள்ளைக்கு அடுப்படி என்ற ஒன்றை மட்டும் கரையில் விட்டுவரவில்லை. இதை ஆசிரியை கோபப்பட்டுச் சொல்லாமல், ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்று சொல்லிக்கொண்டு போவதனாலேயே நமக்கு உறைக்கிறது.

கல்வி பற்றிய பகுதி ஓர் ஆசிரியனை நிறுத்தி வைக்கும். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து அஞ்சல்வழிப் பள்ளியில் அவர் சேர்கிறார். துறைமுகம் ஒன்றில் பாடங்களை அனுப்பினால், திருத்தப்பட்ட தாள்கள் வந்துசேரும்போது படகு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசி வழியே பாடம் அனுப்பிய எம் போன்றோருக்கு இது விளங்கும். ஒரு வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் மாலையில் தகப்பன் வேலை முடிந்து வந்த பின்புதான் என்ற நிலையில் பாடம் போய்ச் சேர்ந்தது. பிள்ளையின் முகம் எங்களிடம் வந்துசேரவில்லை. பிழையாக எழுதிய பிள்ளை அடுத்த கணமே ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறதல்லவா, கற்றல் நிகழ்வது அந்தக் கணத்தில். 'உலகமே பள்ளிக்கூடம்' என்று படகுப் பெற்றோர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. நட்சத்திரமும் நீரோட்டமும் வரைபடமும் அந்தப் பிள்ளைகளுக்குக் கைவந்தவை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருக்கும் தோழி இல்லை. ஹேவுட் மிகுதியாக ஏங்குவது அந்தத் தோழிக்காகவே.

பதினாறு வயதில் அவரும் தம்பியும் நியூஸிலாந்தின் ரொட்டோருவாவில் ஏரிக்கரை வீடொன்றில் விடப்படுகிறார்கள். பெற்றோர் கடலுக்குத் திரும்புகின்றனர். தம்பியைப் பார்த்துக்கொண்டே படித்து, பல்கலைக்கழகங்களுக்குத் தானே கடிதம் எழுதி, ஒக்ஸ்போர்டில் விலங்கியல் படிக்க இடம் பெறுகிறார். பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டமும் பெறுகிறார். இத்தகைய முடிவு ஒரு சுயசரிதைக்கு ஆபத்தானது. 'அந்தக் கஷ்டந்தானே அவரை ஆளாக்கியது' என்று வாசகன் பெற்றோரை மன்னித்துவிட வாய்ப்புண்டு. ஹேவுட் அதற்கு இடங்கொடுக்கவில்லை. தம் வெற்றியைப் பெற்றோரின் கணக்கில் அவர் வரவு வைக்கவில்லை. நூலின் பலம் இந்த நேர்மையே.

ஒரே பயணத்தைத் தந்தையும் மகனும் தனித்தனியே எழுதிய சந்தர்ப்பமும் உண்டு. ஸ்கொட்லாந்தவரான டூகல் றொபேட்சன் ஸ்ரபோர்ட்ஷயரில் பால்பண்ணை வைத்திருந்தவர், முன்னாள் கப்பல் அதிகாரி. வானொலியில் படகுப் போட்டிச் செய்தியைக் கேட்ட அவரது இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவன் 'அப்பாவும் மாலுமிதானே, நாங்களும் உலகைச் சுற்றினால் என்ன' என்ற கருத்தில் கேட்டானாம். பண்ணையை விற்று, 1971இல் 'லூசெட்' என்ற படகில் குடும்பம் புறப்பட்டது. 1972 ஜூன் 15 அன்று, கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே, கொலைத் திமிங்கிலங்கள் மோதிப் படகு மூழ்கியது. பெற்றோர், மூன்று ஆண்பிள்ளைகள், இடையில் சேர்ந்துகொண்ட மாணவர் ஒருவர் என ஆறு பேர் ஆமை இறைச்சியையும் மழைநீரையும் கொண்டு 38 நாட்கள் உயிர்பிழைத்து, ஜப்பானிய மீன்பிடிக் கப்பலொன்றினால் காப்பாற்றப்பட்டனர்.

தந்தையின் நூல் 1973இல் வந்தது. எப்படி உயிர்பிழைத்தோம் என்பதே அதன் அக்கறை. 1975இல் அவர் கடலில் உயிர்தப்புவதற்கான கைநூல் ஒன்றையும் எழுதினார். மூத்த மகன் டக்ளஸின் நூல் 2005இல் வந்தது. அவர் 'லூசெட்' மூழ்குவதற்கு முந்திய மாதங்களுக்கும், ஏன் புறப்பட்டோம் என்பதற்கும் திரும்பிப் போகிறார். இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் உண்டு. மகள் ஆன், பஹாமாஸ் தீவுகளில் படகை விட்டு இறங்கிவிட்டார். அவர் வயதுவந்த பெண், இனி வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தது, சொன்னார். திமிங்கிலங்கள் வந்தபோது அவர் படகில் இல்லை. தந்தையின் நூலில் சிறிய இடமே பெறத்தக்க இச்செய்தி எனக்கு முழுக் கதையின் திறவுகோலாகப் படுகிறது. ஆன் இறங்கினார், இரட்டையர் இறங்க முடியாது, சுசானுக்கு இறங்கப் பத்து வருடம் பிடித்தது. படகில் பிள்ளை வளர்ப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாக விவாதிப்பதில் பயனில்லை. அந்தப் பிள்ளை இறங்க விரும்பினால் இறங்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

தமிழ்ப் பக்கம் திரும்பினால் படகில் பிள்ளையையே காணோம். வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையில் தோணி என்பது உழைப்பும் உடைமையும். அதைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாத ஏழையின் ஏக்கம். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) ஆகிய பெரிய நாவல்களிலும் கடல் ஆண்களின் தொழிற்களமே. பெண்களும் பிள்ளைகளும் கரையில் நின்று காத்திருப்பவர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நமது கடலோர வாழ்வின் அமைப்பு அது. தோணி தொழிலுக்கு, குடில் பிள்ளைக்கு என்று பிரித்து வைத்த சமூகம் நம்முடையது.

அப்படியானால் படகே வீடாக, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை வளர்த்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிலிப்பைன்சின் தென்பகுதி, மலேசியாவின் சபா, இந்தோனேசியா ஆகிய கடற்பரப்புகளில் வாழும் பஜாவ் மக்கள் அவர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். கிளிபர்ட் சாதர் 1997இல் வெளியிட்ட 'த பஜாவ் லாவுட்' என்னும் நூல், சபாவின் செம்போர்ணாப் பகுதியில் 'லெபா' என்னும் படகுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு படகு. ஆனால் அந்தப் படகு தனியே நிற்பதில்லை. ஒதுங்கும் இடத்தில் மாமன் மச்சான், பெரியம்மா சின்னம்மா படகுகள் அடுத்தடுத்துக் கட்டப்படுகின்றன. பிள்ளை ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குத் தாவிப் போகலாம். 'வேவ்வோக்க'ரில் இல்லாதது இதுவே. ஐரோப்பியக் குடும்பம் ஊரிலிருந்து விலகுவதற்காகக் கடலுக்குப் போனது. பஜாவ் குடும்பம் ஊரையே கடலில் வைத்திருந்தது. சுசான் ஏங்கிய தோழி பஜாவ் பிள்ளைக்கு அடுத்த படகிலேயே இருந்தாள்.

இம்மக்கள் ஜனாஸாவை மட்டும் கடலில் விடுவதில்லை. அதற்கென்று வைத்திருக்கும் தீவுகளுக்குக் கொண்டுபோய் நிலத்தில் அடக்குகிறார்கள். பலர் இப்போது கடல்மேல் தூண்வீடு கட்டி வாழ்கின்றனர். சாதர் களஆய்வு தொடங்கிய 1960களிலேயே இந்த மாற்றம் ஆரம்பமாகியிருந்தது. ஆனால் சபாவில் இவர்களுள் பலருக்கு இன்றும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் இல்லை. 2018இல் இந்தோனேசியப் பஜாவ் மக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், நீண்ட நேரம் மூச்சடக்கி மூழ்குவதற்கேற்ப இவர்களின் மண்ணீரல் அயலவரதைவிட ஏறத்தாழ 50 வீதம் பெரியது என்று கண்டார்கள். உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. 2024 ஜூனில் செம்போர்ணாவின் கடற்பூங்காப் பகுதியில் அதிகாரிகள் இவர்களின் வசிப்பிடங்களை உடைத்தும் எரித்தும் அகற்றினர். மண்ணீரலை அளந்த உலகம், அந்தப் பிள்ளைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் எழுத இன்னும் பேனாவை எடுக்கவில்லை.

ஹேவுட்டின் நூலுக்கு வெளியே நிற்கும் உண்மை இது. அவர் அனுபவித்த தனிமை பொய்யல்ல. ஆயினும் கடைசியில் அவர் இறங்குவதற்கு ஒரு நாடும், அந்நாட்டின் கடவுச்சீட்டும் இருந்தன. பஜாவ் பிள்ளைக்குப் படகில் உறவு இருந்தது. இறங்குவதற்கு நிலம் இல்லை.

மலையகத்தான் இதை வாசிக்கும்போது தன் கதையை வாசிக்கிறான். நம் முன்னோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்தவர்கள். 1864இல் மூழ்கிய 'ஆதிலட்சுமி' கப்பலின் பெயர் இன்னும் இங்கே நினைவிலிருக்கிறது. கரையிறங்கியோர் லயத்துக்கு வந்தார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அட்டன் ரயில் நிலையத்தில் அழுதுகொண்டே ஏறி, தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியோருக்குக் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை செல்ல வேண்டியிருந்தது.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு இன்னொரு படகும் நினைவில் இருக்கும். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக்கு வந்திறங்கினர். மடியிலும் தோளிலும் பிள்ளைகள். அந்த வெளியேற்றம் பற்றிக் கவிதைகள் வந்துள்ளன, கட்டுரைகள் வந்துள்ளன, ஆய்வறிக்கைகள் வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பெரியவர்களின் குரல்கள். அன்று படகில் ஏழு வயதோடு அமர்ந்திருந்த பிள்ளைக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது, என் வயதுதான். படகில் என்ன மணம் இருந்தது, எதை விட்டுவந்தது, பக்கத்து வாங்குத் தோழன் எந்த முகாமுக்குப் போனான், புத்தளத்துப் பாடசாலையில் முதல் நாள் எப்படிக் கழிந்தது என்பவை அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

'வேவ்வோக்கர்' வெளிவந்தபோது அதன் ஆசிரியைக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. தந்தையின் கதையைத் தள்ளிவைத்துவிட்டுப் பிள்ளையின் கதையைச் சொல்ல அத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது. நமக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது. கற்பிட்டியில் இறங்கிய பிள்ளைகளும் இராமேஸ்வரத்தில் இறக்கப்பட்ட பிள்ளைகளும் எழுத வேண்டும். எழுத வராதவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள எம்மைப் போன்ற ஆசிரியர்கள் கிராமந்தோறும் இருக்கிறோம்.