பள்ளிவாசல் படங்கள்: பயணத்தில் எடுத்தவை பற்றி ஒரு திறனாய்வு

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போய் வந்த மாணவர்களின் கைப்பேசியைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். நம் உலு திராமிலிருந்து பாலத்தைத் தாண்டிவிட்டால் கம்போங் கிளாம் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆகவே சுல்தான் பள்ளிவாசல் படம் கட்டாயம் இருக்கும். அதுவும் ஒரே படம்தான். புசோரா தெருவின் நடுவில் நின்றுகொண்டு, இரு பக்கமும் மர வரிசை, நடுவில் தங்க நிறக் குவிமாடம், மேலே நீல வானம். பத்துப் பேர் எடுத்திருந்தாலும் எது யாருடைய படம் என்று சொல்ல முடியாது.

அந்தப் படத்தை வைத்து எழுதும் பயணக் கட்டுரையும் அப்படியே இருக்கிறது. 'விண்ணை முட்டும் கோபுரம்', 'கண்கொள்ளாக் காட்சி', 'மெய்ம்மறந்து நின்றேன்'. இதே மூன்றையும் பத்துமலைக்கும் போடலாம், இரட்டைக் கோபுரத்துக்கும் போடலாம். எங்கும் பொருந்துகிற வருணனை எந்த இடத்தையும் வருணிக்கவில்லை என்றுதானே பொருள்? இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படத்திலேயே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. படம் எடுத்த கண், ஏற்கெனவே அஞ்சலட்டையில் பார்த்ததை மறுபடி தேடிப் போயிருக்கிறது.

அதே பள்ளிவாசலின் குவிமாடத்துக்கு அடியில் ஒரு கறுப்பு வளையம் ஓடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? தெருக்கோடியிலிருந்து பார்த்தால் வெறும் கோடு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அத்தனையும் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1932இல் கட்டி முடிக்கப்பட்டது. பெருந்தொகை கொடுக்க முடியாத ஏழை எளியவர்களும் தங்கள் பங்கைச் செலுத்தட்டும் என்று அவர்களிடம் புட்டிகளைச் சேகரித்துப் பதித்தார்கள். தங்கப் பூச்சைச் சுமந்து நிற்பது அவர்கள் கொடுத்த கண்ணாடி! ஒரு கட்டுரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நம் பிள்ளைகளின் படங்களில் அது ஒரு கறுப்புக் கோடாகவே நின்றுவிடுகிறது.

குவிமாடம் இருந்தால்தான் பள்ளிவாசல் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அதில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1909இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஜாமிஉ பள்ளிவாசல், 1917இல் முடிந்த கோலகங்சார் உபூடியா பள்ளிவாசல் இரண்டும் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்தவை. வட இந்திய முகலாய பாணியை எடுத்து இங்கே வைத்தார். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலை வரைந்தவர் டெனிஸ் சாந்திரி. இவை அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணில் இவற்றுக்கு முன்பே பள்ளிவாசல்கள் இருந்தன, அவற்றின் முகம் வேறு.

மலாக்கா போகிறவர்கள் கம்போங் கிலிங் பள்ளிவாசலைப் பாருங்கள். (பெயரில் உள்ள சொல் இன்று நம்மில் பலருக்கு உறுத்தும். வகுப்பில் மாணவர் கேட்டால் மழுப்பாமல் அதன் வரலாற்றைச் சொல்லிவிடுவது நல்லது.) இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் கட்டியது, 1872இல் செங்கல்லால் எடுத்துக் கட்டப்பட்டது. கூம்பு போன்ற அடுக்குக் கூரை, சீனப் பகோடாவை நினைவூட்டும் மினாரா. குவிமாடமே கிடையாது. நம் ஜொகூர் பாருவிலேயே, 1892இல் தொடங்கி 1900இல் முடித்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலின் மினாராக்களைப் பார்த்தால் இங்கிலாந்தின் மணிக்கூண்டுதான் நினைவுக்கு வரும். பணியைத் தொடக்கிவைத்த சுல்தான் 1895இல் லண்டனில் காலமாகிவிட்டார், முடிந்ததைப் பார்க்கவில்லை. 'என்னங்க சார், பள்ளிவாசல் மாதிரியே இல்லையே' என்று ஒரு மாணவர் கேட்டால், பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் ஓர் ஆவணப்படத்தைச் சொல்ல வேண்டும். கோம்பை எஸ். அன்வர் 2013இல் வெளியிட்ட 'யாதும்'. புகைப்படக் கலைஞரான அவர், தமிழ் முஸ்லிமாகத் தம் வேரைத் தேடிப் போகும் பயணமே படம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய கல் பள்ளிகளைப் பார்த்தால், நமக்குப் பழக்கமான 'இஸ்லாமியக் கட்டடம்' என்ற சித்திரம் ஆட்டம் காணும். தட்டையான கூரை, வரிசையாகக் கல்தூண், தூணின் தலையில் போதிகை. கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தது போலவே இருக்கும். வேறுபாடு செதுக்கலில்தான்: மனித உருவமோ விலங்கு உருவமோ இல்லை, பூவும் கொடியும் மட்டும். கோயில் எழுப்பிய கல்தச்சு மரபே இதையும் எழுப்பியது என்பதை உரை இல்லாமலே தூண் சொல்லிவிடும்.

படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. சொல்ல வேண்டிய வரலாறு நிறைய இருந்ததால் கட்டடங்களின் முன் இன்னும் கொஞ்சம் பேசாமல் நின்றிருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் தமிழில் இப்படியொரு பார்வை வேறெதில் கிடைக்கும்? மேல்நிலை மாணவர்களுக்குத் தாராளமாகப் போட்டுக் காட்டலாம். பார்த்த பிறகு அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தப் பள்ளிகளை ஏன் சுற்றுலா அஞ்சலட்டையில் காண்பதில்லை?

ஒரு விடை சாதாரணமானது: கருவிக்கு அது வசதியாக இல்லை. வானத்தின் முன் நிற்கும் குவிமாடத்தைக் கைப்பேசி தானாகவே நன்றாக எடுத்துவிடும். தாழ்ந்த தூண் மண்டபம் அப்படியில்லை. வாசலில் கொளுத்தும் வெயில், உள்ளே இருட்டு. கருவி வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், தூண்கள் கரிக்கட்டையாகிவிடும். திரையில் தூணின் மேல் விரலை வைத்து அழுத்தி அந்த அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். செதுக்கல் தெரிய வேண்டுமென்றால் காலை அல்லது மாலையில் பக்கவாட்டு ஒளி விழும் நேரம் நல்லது. உயரமான மினாராவை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்த மாதிரி விழும். பின்னே தள்ளி நின்று கருவியை நிமிர்த்திப் பிடியுங்கள்.

மற்ற விடை கொஞ்சம் வலிக்கும். குவிமாடம் இல்லாத பள்ளி பள்ளி மாதிரி இல்லை என்ற எண்ணம் நமக்கு மட்டுமல்ல, அந்தந்த ஊர்க்காரர்களுக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பழைய கல் பள்ளிகள் சில இடிக்கப்பட்டோ முகப்பு மாற்றப்பட்டோ கான்கிரீட் குவிமாடத்தோடு புதிதாக எழுந்துவிட்டன. கூட்டம் கூடும்போது இடம் போதாது என்ற அவர்கள் தேவை நியாயமானதுதான். ஆனால் இடிக்கும்முன் ஒருவராவது அந்தத் தூணைப் படம் எடுத்திருந்தால்? நம் மாணவர் எடுக்கும் படம் இப்படிச் சான்றாகவும் ஆகலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சிங்கப்பூருக்கே திரும்புவோம். அடுத்த முறை கம்போங் கிளாமோடு நிற்காமல் தெலுக் ஆயர் தெருவுக்கும் போகச் சொல்லுங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது, நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பியது. அதே தெருவில் தியன் ஹொக் கெங் சீனக் கோயில். அதற்கும் அப்பால் அல் அப்ரார் பள்ளிவாசல். படம் எடுப்பவருக்கு இன்று எதிரில் உயரமான கட்டடங்களும் காரும் தெரியும். கட்டிய காலத்தில் எதிரில் தெரிந்தது கடல். கப்பலில் வந்து இறங்கியவர்கள் தத்தம் தெய்வத்துக்குக் கரையிலேயே நன்றி சொன்னார்கள். கடலைத் தூர்த்த பிறகு தெரு உள்ளே போய்விட்டது. இந்தச் செய்தி தெரியாமல் எடுத்த படம் வேறு, தெரிந்து எடுத்த படம் வேறு.

அல் அப்ரார் பள்ளிக்குத் தமிழர் வைத்த பெயர் 'குச்சுப் பள்ளி'. 1827இல் கீற்றுக் குடிசையாகத் தொடங்கியது, 1850களில்தான் கல் கட்டடமானது. கட்டடம் மாறியும் பெயரில் குடிசை இருக்கிறது. தேர்வு மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பலபொருள் ஒருசொல்லுக்குப் 'பள்ளி'யைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சமணர் தங்கிய இடம் பள்ளி, உறங்கும் இடம் பள்ளி, பாடம் படிக்கும் இடம் பள்ளி, தொழும் இடமும் பள்ளி. சமணத்திலிருந்து வந்த அந்தச் சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். கீழக்கரைத் தூணில் நடந்ததும் இதேதான், கல்லில் நடந்தது அவ்வளவே.

நடைமுறையில் சில. உள்ளே போகும்முன் அனுமதி கேளுங்கள், காலணியைக் கழற்றுங்கள், உடை மரியாதையாக இருக்கட்டும். தொழுகை நேரத்தில் கருவி பைக்குள் இருக்க வேண்டும், தொழுகிறவர் முகத்தைக் கேட்காமல் எடுப்பது திருட்டு மாதிரி. ஆனால் 'ஆளே இல்லாத படம்தான் சுத்தம்' என்று காத்திருக்கவும் வேண்டாம். ஹவுளில் கைகால் கழுவிய ஈரத் தடம், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு வரிசை, இவையும் அந்தக் கட்டடத்தின் பகுதிதான்.

பிறகு கட்டுரை. ஒரு படத்துக்கு ஐந்து வாக்கியம் கேளுங்கள். முதல் வாக்கியத்தில் 'அழகு' என்ற சொல் வரக்கூடாது. இரண்டாவதில் கட்டடம் எந்தப் பொருளால் ஆனது என்று சொல்ல வேண்டும். மூன்றாவதில் அதைக் கட்டியவர் யார், எந்த ஆண்டு. நான்காவதில் படத்துக்கு வெளியே, இடப்பக்கமோ வலப்பக்கமோ என்ன இருந்தது என்று எழுத வேண்டும். கடைசி வாக்கியத்தை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். அதில் வேண்டுமானால் மெய்ம்மறந்து நிற்கட்டும்.