கிழவனின் நிதானம்

எர்னெஸ்ட் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' என்னும் குறுநாவலைத் தனிமனித வீரத்தின் புகழுரையாகவே பலர் கொள்வர். அது குறைபட்ட வாசிப்பாகும். 84 நாள் மீன்படாத கியூபாக் கிழவன் சந்தியாகோ, படகினும் நீண்ட மீன் தன்னை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்கையிலும் கலங்கினானல்லன். கயிற்றைப் படகிற் கட்டினால் அறுந்துவிடும் என்பதறிந்து முதுகில் தாங்குகிறான். இடக்கை விறைத்தபோது பச்சைமீனை உண்டு வலுத்தேடுகிறான். முதற்சுறாவோடு எறியீட்டி பறிபோனதும் துடுப்பிற் கத்தியைக் கட்டுகிறான். இந்நிதானம் துறவியின் பற்றின்மையன்று. பல்லாண்டு உழைப்பு ஈட்டிய தொழிலறிவு.

ஆயினும் அவ்வறிவு மட்டும் மீனைக் காக்கவில்லை. சிறுவன் உடனிருந்தாலென்ன என்று அவன் மீண்டும் மீண்டும் ஏங்குவதை நம் விமர்சகர் கவனித்தல் வேண்டும். இனி இருவரும் சேர்ந்தே கடலுக்குச் செல்வதெனச் சிறுவன் இறுதியில் உரைப்பதிலேயே நாவலின் நம்பிக்கை தங்கியுள்ளது.