விரல் நுனியில் ட்யூனிங்

ராஜ்தூத் 350-இன் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கார்பரேட்டர். யமஹா தொழில்நுட்பத்தோடு எஸ்கார்ட்ஸ் 1983-இல் கொண்டுவந்த அந்த 347 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி பெங்களூரில் இன்றும் சீறிக்கொண்டு ஓடுகிறது என்றால், ஈஜிபுரா மாதிரி இடங்களில் அதற்குக் கை பழகிய மெக்கானிக்குகள் இருப்பதால்தான்.

ஒரு கார்பரேட்டர் முந்தியும் மற்றது பிந்தியும் திறந்தால் வண்டி உதறும். நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்குரூவைத் தொடமாட்டார். இரண்டு சைலன்ஸருக்குப் பின்னாலும் உள்ளங்கையை வைத்து, எந்தப் பக்கம் மூச்சு குறைவு என்று பார்ப்பார். பிறகு ப்ளக். கறுத்துப் பிசுபிசுத்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

நான் நின்று ரசிப்பது இதற்கப்புறம்தான். இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இரண்டு கார்பரேட்டர் வாய்க்குள்ளும் விரலை விட்டுக்கொண்டு, ஆக்சிலேட்டரை மயிரிழை திருகச் சொல்வார். உள்ளே காற்றுக்கு வழிவிடும் இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழவேண்டும். இல்லையென்றால் கேபிள் அட்ஜஸ்டரில் கால் சுற்று, மறுபடி ஒரு கால் சுற்று. மீட்டர் எதுவும் கிடையாது. விரல் நுனிக்கு இப்படியொரு கூர்மை வருவது பெரிய வித்தை! ஆயில் பம்ப் கேபிளையும் கையோடு சரிபார்த்துவிடுவார். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது அதைத்தான். எண்ணெய் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.