நாம் வாசிக்காத வியட்நாம்

எண்பதுகளில் ஈழ இயக்கங்களின் வாசிப்பில் வியட்நாம் தவறாமல் இருந்தது. ஹோ சி மின்னும் ஜெனரல் கியாப்பும் பாசறை வகுப்புகளில் மேற்கோள்களாக வந்துபோனார்கள். ஒரு சிறிய நாட்டுச் சனம் பிரான்சையும் பிறகு அமெரிக்காவையும் வென்றது என்ற செய்தியே நமக்குப் போதுமாயிருந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபோது டியன் பியன் பூ என்ற பெயர் நம் பேச்சில் சரளமாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒப்பிட்டதில் பிழையில்லை. ஒப்பிட்டவர்கள் அந்தப் போரை எவ்வளவு தூரம் வாசித்திருந்தார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

டியன் பியன் பூவையே எடுப்போம். 1954 ஜனவரியில் தாக்குதலுக்கு எல்லாம் ஆயத்தம். கயிறு கட்டி மனிதர்கள் மலையேற்றிய ஆட்லறிகளைத் திரும்ப இழுத்து வரச் சொன்னார் கியாப். ஒரே அடியில் முடிக்கும் திட்டத்தைக் கைவிட்டு மார்ச் 13 வரை காத்திருந்தார். பிறகு 56 நாள் சமர். இதைத் தளபதியின் மேதைமையாக மட்டும் வாசிப்பது நம் வழக்கம். ஆனால் காத்திருக்க அவருக்கு வசதி இருந்தது: 1950 எல்லைச் சமரோடு சீனாவுக்கான பாதை திறந்துவிட்டது. ஆட்லறியும் குண்டும் லொறியும் அந்தப் பாதையால் வந்தன. கடைசிக் காட்டுப்பாதையில் சைக்கிளில் மூங்கில் கட்டி, 200 கிலோவுக்கு மேல் அரிசி ஏற்றித் தள்ளிக்கொண்டு போனது ஊர்ச்சனம். அவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள், எத்தனை பேர் கொண்டுபோகப்பட்டார்கள் என்று கேட்டால் வெற்றிக்கதை கொஞ்சம் நெளியும். வன்னியில் வீட்டுக்கொருவரைக் கொடுத்த தாய்மாருக்கு அந்த நெளிவு விளங்கும்.

குட்மேய்ஸில் படிக்கும் என் மகளுக்கு ஜி.சி.எஸ்.இ. வரலாற்றில் வியட்நாம் ஒரு பாடம். ஹோ சி மின் பாதையைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தவள், "அப்பா, எங்கட ஆக்களுக்குச் சாமான் எந்தப் பாதையால வந்தது?" என்று கேட்டாள். நம் இராணுவ வரலாற்றைத் தொடங்க வேண்டிய கேள்வி அதுதான் என்று படுகிறது.

கடலால் வந்தது. வியட்நாமுக்கும் ஒரு கடல்பாதை இருந்தது. நாம் அதை வாசிக்கவில்லை. 1959இல் தரைப்பாதைக்கு ஒரு பிரிவை அமைத்தவர்கள், 1961இல் கடலுக்கும் ஒன்றை அமைத்தார்கள். 1965 பெப்ரவரியில் வுங் ரோ குடாவில் ஆயுதக் கப்பலொன்று பிடிபட்டதும் அமெரிக்கக் கடற்படை கரையை அடைத்தது. ஆனாலும் லாவோஸ் காட்டுப்பாதை இருந்தது. 1970 வரை கம்போடியத் துறைமுகமும் இருந்தது. நம் வுங் ரோ 2007இல் வந்தது. ஆழ்கடலில் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடிக்கப்பட்டன. நமக்கு லாவோஸ் இல்லை. தமிழ்நாட்டுக் கரை 1991க்குப் பிறகு பழையபடி திறக்கவேயில்லை. என் கண்ணில் பட்ட தமிழ் நூல்கள் பலவும் அந்தக் கப்பல்களைச் சில வரிகளில் கடந்து, சர்வதேசச் சதிக்கும் காட்டிக்கொடுப்புக்கும் அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுக்கின்றன. சதி இருந்திருக்கலாம். கப்பல் இல்லை என்பது அதற்கு முந்திய உண்மை.

இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது மலரவனின் 'போர் உலா'. 1990இல் மாங்குளம் முகாம் தாக்குதலுக்குப் போகும் பயணமே நூல். அவர் கண் றோட்டிலும் வழியில் கண்ட சனங்களிலும் நிற்கிறது. இயக்கத்துக்குள் இருந்து எழுதியதால் ஐயத்துக்கு அதில் இடமில்லை. 1992இல் அவரும் போய்விட்டார். ஐயம் வரும் வயதை அவர் அடையவில்லை.

அந்த வயதை அடைந்தவர் பாவோ நின். அவருடைய 'போரின் துயரம்' போர் முடிந்த பிறகு, மத்திய மலைநாட்டுக் காட்டில் செத்தவர்களின் எலும்பைப் பொறுக்கப் போகும் லொறியில் தொடங்குகிறது. வென்ற படையின் சிப்பாய் எழுதிய நாவல். வென்ற அரசுக்கே அது உவப்பாயில்லை. வெற்றி பெற்றவர்களும் எல்லாவற்றையும் பேசுவதில்லை. 1979இல் சீனாவுடன் நடந்த போரை, 1991இல் உறவு சீரானபின் ஹனோய் நெடுங்காலம் உரத்து நினைவுகூரவில்லை. 1989 வரை கம்போடியாவில் நின்ற சிப்பாய்களின் கதையும் டியன் பியன் பூ அளவுக்கு வெளியே வரவில்லை. நம் வாசிப்புப் பட்டியலும் 1975இலேயே நின்றுவிட்டது.

பாவோ நின்னின் கியென் எலும்புகளைத் தேடிப் போனது தன் படையணி அழிந்த இடத்துக்கு. அவனை அனுப்பியது அவனுடைய அரசு. 2023 ஜூனில் முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் எலும்புகள் வெளிவந்தது தண்ணீர்க்குழாய் பதிக்க வெட்டிய குழியில். நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இயக்கப் பெண்களின் சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. துயிலும் இல்லங்கள் அதற்கு முன்பே இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. தகட்டின் இலக்கத்துக்குரிய பெயரை யாரிடம் போய்க் கேட்பது?