படைப்புக் கல்வியும் பட்டமும்: சேதுநாட்டுச் சான்றுகள் இரண்டு

பாவியற்றும் ஆற்றல் பிறவியில் வாய்ப்பது, அதனைக் கல்லூரியிற் பயிற்றல் இயலாது என்பது தமிழ்த்துறைகளிற் பலர் கூறும் கருத்து. அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகம் 1936-இலும், இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970-இலும் எழுத்துக் கலையை முதுநிலைப் படிப்பாக்கின. இன்று மேனாடுகள் பலவற்றில் அஃது இளங்கலைப் பட்டத்திற்கும் உரிய பாடமாயிற்று. இதனை மேனாட்டுப் புதுமையெனக் கொண்டு வரவேற்பாரும் உளர், வெறுப்பாரும் உளர். இருசாராரும் சேதுநாட்டு இலக்கிய வரலாற்றை நோக்கினாரல்லர் என்பது நம் துணிபு.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், எட்டயபுரத்து அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். யாப்பும் அணியும் அவர்பாற் பெற்றார். ஆயின் காப்பியப் பொருளை அவர் பெற்ற இடம் வேறு. கீழக்கரை வள்ளல் சீதக்காதி தூண்ட, அந்நகரின் அரபுமொழிப் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவை அணுகி நபிகள் வரலாறு கேட்டார் என்றும், முதற்கண் மறுக்கப்பட்டார் என்றும் வழிவழிச் செய்தி கூறும். மூன்று காண்டங்களாய், 5,000-க்கு மேற்பட்ட பாடல்களாய் விரிந்த அந்நூல், செய்யுள் கற்பித்தார் ஒருவரும் பொருள் உதவினார் பிறருமாகக் கூடியவழி எழுந்தது. பிறவியாற்றல் ஒன்றே போதுமெனின் அவர் கீழக்கரைக்கு நடந்திருக்க வேண்டுவதில்லை.

மறுதலைச் சான்றும் அந்நாட்டிலேயே உண்டு. கோவை என்பது களவு முதலாகிய அகவொழுக்கத்தைப் பல துறைகளாக நிரல்படப் பாடுவது. பொன்னங்கால் அமிர்த கவிராயரோ, இரகுநாத சேதுபதி மேற் பாடிய ஒருதுறைக் கோவையில், நாணிக் கண்புதைத்தல் என்னும் ஒரே துறையை 400 செய்யுட்களில் அமைத்தார். இக்காலப் பயிலரங்குகளில் ஒரு காட்சியைப் பத்து வகையாக எழுதச் செய்வர். அது இதன் முன் சிறுபிள்ளை விளையாட்டு. எனினும் நூலை ஒருங்கே கற்பார்க்குச் சொற்றிறம் நினைவில் நிற்கும் அளவிற்கு அத்தலைவியின் உள்ளம் நிற்பதில்லை. இதனைக் குறையெனச் சொல்லத் தயங்குவார் உளர், யாம் தயங்கவில்லை. பயிற்சி நூலாக அதற்கு நிகரில்லை என்பதையும் உடன் சொல்கின்றோம். முதலாண்டு மாணவர்க்கு அதனைப் பாடமாக வைக்கலாம். மூன்றாமாண்டிலும் அங்கேயே நிற்றல் ஆகாது.

நம் வகுப்பறை நிலை இவ்விரண்டிற்கும் புறம்பானது. நன்னூற் பொதுப்பாயிரம் நூலுக்குரிய பத்து அழகும் பத்துக் குற்றமும் முப்பத்திரண்டு உத்தியும் வகுத்துரைக்கும். மாணவர் அவற்றை மனனம் செய்து விடைத்தாளில் எழுதுவர். தாம் எழுதிய ஒரு பக்கத்தை அவற்றால் அளந்து பார்த்தல் அரிது. காரிகை கற்றுத் தளையின் பெயரெல்லாம் கூறும் மாணவன், பிழையற்ற வெண்பா ஒன்று இயற்றாமலே பட்டம் பெறக்கூடும். ஆசிரியன்பாற் கேட்டலோடு உடன்பயில்வாரோடு அளவளாவுதலும் கல்வியின் பங்கென்று அந்நன்னூலே கூறவும், அப்பங்கு பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்கின்றது.

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் முதலிய ஊர்களினின்று வரும் மாணவனை எண்ணுக. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டழைக்கும் வழக்கு அக்கடற்கரையினது. இவற்றுட் பழைய நூல்களிற் பயின்ற வாடையை ஏற்றுக் கச்சானைக் கொச்சையென்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர், அவன் கைம்முதலைப் பறிக்கின்றார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்ட முதியோரிடம் அவனை அனுப்பிக் கேட்டெழுதச் செய்வது, உமறு கீழக்கரை சென்றதற்கு ஒப்பாகும்.

இனித் தேர்வு. மூன்று மணி நேர வினாத்தாள் இதற்குப் பொருந்தாது. அரங்கேற்றத்தில் நூலை ஓதி, அவையத்தார் தடைக்கு விடையிறுத்தல் முன்னை மரபு. மதிப்பெண் அவ்வாறு வழங்கலாம். அவையத்துள் தமிழாசிரியர் இருவர் இருப்பின், அக்கடற்றொழில் அறிந்தார் ஒருவரும் இருத்தல் வேண்டும்.