வருந்தி அழைத்தல்: பெருவிருந்து உவமையும் தீவகமும்

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் இடம்பெறும் பெருவிருந்து உவமை எளிய கதையே. ஒருவன் விருந்து செய்கிறான். அழைக்கப்பட்டோர் வயல் வாங்கினேன், ஏர்மாடு வாங்கினேன், மணம் முடித்தேன் எனச் சாட்டுச் சொல்லி வர மறுக்கின்றனர். சினங்கொண்ட வீட்டுத் தலைவன், நகரத் தெருக்களிலுள்ள ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைத்துவரச் செய்கிறான். பின்னும் இடம் எஞ்சுகிறது. ஊர்ப்புறத்து வழிகளிலும் வேலியோரங்களிலும் காணப்படுவோரை உள்ளே வரச்செய்யுமாறு ஊழியனை ஏவுகிறான். இவ்விறுதி ஏவலில் வரும் 'அனங்கசோன்' என்னும் கிரேக்க வினைக்குக் கட்டாயப்படுத்து என்பது அகராதிப் பொருள். விவிலியத்தில் இதனைப் போல் பிழைபட உணரப்பட்டு, மாந்தருக்குத் துன்பம் விளைத்த சொற்கள் சிலவே.

வட ஆபிரிக்காவில் தொனாத்தியர் எனப்பட்ட பிரிவினரை அரச ஆணையால் அடக்குவதை முதலில் ஒப்பாத அகுஸ்தீனார், 408ஆம் ஆண்டளவில் தம் கருத்தை மாற்றிக்கொண்டபோது இவ்வசனத்தைச் சான்றாகக் காட்டினார். முதலில் அன்பாக அழைத்தல், பின்னர் வலிந்து கொணர்தல் என்பதே உவமையின் ஒழுங்கு என்பது அவர் கொண்ட பொருள். பின்வந்த கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் தம்முள் எத்துணை முரண்பட்டபோதிலும், இவ்வுரையை இரு சாராருமே எடுத்தாண்டனர்.

இச்சிந்தனை மரபில் வளர்ந்த இரு ஆட்சிகளையும் யாழ்ப்பாணத் தீவகம் அடுத்தடுத்துக் கண்டது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் மக்களைக் கத்தோலிக்கராக்கினர். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருமாரை வெளியேற்றி, அதே மக்களைத் தம் திருச்சபையிற் சேர்த்தனர். பாடசாலைக்கு வாராதோர் தண்டம் இறுத்தனர். உத்தியோகம் பெற ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்திலேயே பணிபுரிய நேர்ந்தது. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் ஆங்கிலேயர் காலத்தில், 1806இலேதான் நீங்கின.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயரைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது, ஊர்காவற்றுறை அமைந்த தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம். உண்மையான றொட்டர்டாம் நகரில் அக்காலத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர் பியேர் பேய்ல் என்னும் பிரெஞ்சு அறிஞர். மத ஒடுக்குமுறையால் தமையன் பிரான்சிற் சிறையில் இறந்த மறு ஆண்டில், அதாவது 1686இல், இந்த ஒரு வசனத்தின் வன்முறைப் பொருளை மறுப்பதற்கென்றே அவர் நூலொன்று வெளியிட்டார். அந்நூலின் குரல் அனலைதீவுவரை எட்டவில்லை.

பேய்லின் மறுப்பு பெரிதும் மனச்சாட்சி பற்றியது. உவமையின் அமைப்பை நோக்கினும் அகுஸ்தீனார் உரை நில்லாது. விருந்தை வெறுத்து ஒதுக்கியோர் முதலில் அழைக்கப்பட்டவர்களே. வலிந்து கொணர்தல் நோக்கமாயின் ஆட்கள் அவர்களிடமன்றோ அனுப்பப்பட்டிருத்தல் வேண்டும்? தலைவன் அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிடுகிறான். இவ்வினைச்சொல் வேலியோரத்தாரைக் குறித்தே வருகிறது. அவர்கள் மறுத்தவர் அல்லர். தமக்கு அழைப்பு வரும் என எதிர்பாராதவர். யாழ்ப்பாணத்து வாழ்வை அறிந்தோர்க்கு இது விளக்கம் வேண்டாதது. பனையோலை வேலியாயினும் நெடுந்தீவின் முருகைக்கல் மதிலாயினும், சாதியாலோ வறுமையாலோ தாழ்த்தப்பட்ட ஒருவன் அதற்கப்பால் நின்று, "வேண்டாம் ஐயா" என்றே சொல்வான். பசியில்லாமையால் அன்று, பந்தியில் தனக்கு இடமில்லை என்று பழக்கப்பட்டமையால். அவனைக் கைப்பிடித்து அழைத்தாலன்றி வரமாட்டான். யேசு தம் சீடரைப் படகேறச் செய்ததைக் கூறும் மத்தேயுவும் இதே வினையை ஆள்கிறார். அங்கே வாளையும் சிறையையும் எவரும் காணவில்லை.

தீவகத்துக்கு இக்கருத்துப் புதிதன்று. மணிமேகலை கூறும் மணிபல்லவத்தை அறிஞர் பலர் நயினாதீவெனக் கருதுவர். நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மடம் அமுதசுரபியின் பெயர் தாங்கியது. மதுரையில் ஆபுத்திரன் பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், கால் முடப்பட்டோர், பேணுவாரற்றோர் யாவரையும் கூவியழைத்து ஊட்டுகிறான். லூக்கா தரும் பட்டியலோடு இதன் ஒப்புமை வியக்கத்தக்கது. கடன் கொண்டதாகக் கூறவேண்டியதில்லை. பசித்தோர் எங்கும் ஒரே இனத்தவர். மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோதோ, வற்றாத பாத்திரம் கையிலிருந்தும் உண்பாரில்லாமையால் அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு அவன் உயிர் துறக்கிறான். உவமையின் வீட்டுத் தலைவன் அஞ்சுவதும் இவ்வெறுமையையே. வீடு நிறையவேண்டும் என்பது அவன் தேவை. வருவோர்மீது சுமத்தும் குற்றமன்று.

இந்நுட்பத்தை 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு மரபு நன்கு பற்றியுள்ளது. புரட்டஸ்தாந்தரிடையே இன்றும் வழங்கும் அப்பாடம் இவ்விடத்தில் 'வருந்தி' என்னும் சொல்லை ஆள்கிறது. எம்மாவு வழியில் சீடர் இருவர் யேசுவைத் தங்குமாறு வேண்டும் இடத்திலும் அதே சொல்லே நிற்கிறது. இன்றைய வாசகர் சிலர் துயருற்று எனப் பொருள்கொண்டு மயங்குவர். ஔவையாரின் நல்வழியிலும் காணப்படும் வருந்தி அழைத்தல் என்னும் வழக்கு, மிக முயன்று, இரந்து அழைத்தலைக் குறிப்பது. இங்கு வருந்துபவன் அழைப்பவனே, அழைக்கப்படுபவன் அல்லன். அகுஸ்தீனாரின் உரையில் இது தலைகீழாயிற்று.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'வற்புறுத்தி' என மாற்றியது. இக்கால வழக்கில் அச்சொல் நெருக்குதலின் பக்கமே சாய்கிறது, இம்மாற்றம் இழப்பே. ஆயினும் குறுந்தொகைக் கூற்றுக் குறிப்புகளைப் பயின்றோர், பிரிவால் வாடும் தலைவியைத் தோழி தேற்றி உறுதிப்படுத்துவதே அங்கு 'வற்புறுத்தல்' எனப்படுவதை அறிவர். வேலியோரத்தில் தயங்கி நிற்பவனிடம் ஊழியன் செய்யவேண்டியிருந்தது அந்தத் தோழியின் தொழிலே.